பெட்டி கேட்ட கேள்வி

திருச்சியில் மழை பெய்வதே அபூர்வம். ஆனாலும் செண்பகவல்லியின் சீரியலில் முக்கியமான கட்டம் வரும்போது மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். மொட்டைமாடி டிஷ்ஷின் மேல் நாலு தூறல் விழுந்தால் போதும், மாமியார்க்காரியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் திரை நீலமாகி, 'சிக்னல் இல்லை' என்று வந்து நிற்கும். செண்பகம் ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிட்டு, முப்பத்தைந்து வருஷம் ஃபேக்டரியில் மீட்டர் மீட்டராக ரிப்பேர் பார்த்தவர் வீட்டில் இதற்கொரு வழி கிடையாது என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவருக்குப் பக்கத்தில்தான் அவள் புருஷன் அருணகிரி உட்கார்ந்திருப்பார்.

மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரிட்டயராகி மூன்று வருஷமாகக் கை அரித்துக்கொண்டிருந்தது வேறு. மிக்சி, அயர்ன் பாக்ஸ், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டி முடித்தாயிற்று. இனி டி.வி.தான் பாக்கி. ஒரே ஒரு பெட்டி செய்துவிடுவது என்று தீர்மானித்தார். எல்லாச் சேனலையும் அதுவே பதிவு செய்ய வேண்டும், விளம்பரத்தை வெட்டிவிட வேண்டும், வீட்டில் கிடக்கிற பழைய கேசட்டுகளை உள்ளே வாங்கி அடுக்கி வைக்க வேண்டும், புனேயில் வேலை பார்க்கும் மகன் செழியன் வீடியோவில் கூப்பிட்டால் அவனையும் பெரிய திரையில் காட்ட வேண்டும். பேப்பரில் படம் போட்டுக்கொண்டு சிங்காரத்தோப்புக் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினார்.

அங்கே பெனிட்டா என்ற பெண் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். விவரம் தெரியாதவர் வந்தால் தலையில் கட்டி அனுப்புகிற ரகமில்லை. அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு டியூனர் கார்டு, நாலு ஹார்ட் டிஸ்க், சத்தம் போடாத ஃபேன், டி.வி. தலையில் உட்கார ஒரு சின்னக் கேமரா என்று எடுத்து வைத்தாள். மழைக்கு என்னம்மா செய்வது என்று அவர் கேட்டதும் கொஞ்சம் யோசித்தாள். புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறது, நிரப்பி என்று பெயர், போட்டுப் பார்க்கிறீர்களா என்றாள்.

"பதிவுல எங்கெல்லாம் விட்டுப்போச்சோ, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கும் சார். பாத்துட்டு நடுவுல இருந்திருக்க வேண்டியதை அதுவே வரைஞ்சு போட்டுடும். முகம், குரல், எல்லாமே."

"அப்ப அது கற்பனைதானேம்மா?"

"ஊகம்னு சொல்லுங்க. யாரு எவருன்னு மட்டும் அதுக்குச் சரியாத் தெரியணும். சந்தேகம் வந்தா உங்களைத்தான் கேக்கும். நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே நம்பிடும். அதனால பாத்துப் பதில் சொல்லுங்க."

நாலு நாள் சாப்பாட்டு மேசை ஒர்க்ஷாப் ஆனது. செண்பகம் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் கறுப்பாக, அடக்கமாக, டி.வி.க்குக் கீழே அந்தப் பெட்டி போய் உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் மழையும் வந்தது. மாமியார் கையை ஓங்கிய இடத்தில் சிக்னல் போனது. மறுநாள் காலை பதிவைப் போட்டுப் பார்த்தால், ஓங்கிய கை அறைந்திருந்தது, மருமகள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள், எங்கே ஒட்டுப் போட்டது என்றே தெரியவில்லை. அன்று மாலை சீரியல் ஆரம்பத்தில் முந்தைய நாள் கதையைக் காட்டினார்கள். அறை சரிதான். ஆனால் அசல் மருமகள் அழவேயில்லை, முறைத்துவிட்டுப் போயிருந்தாள். அருணகிரிக்கு ஏமாற்றம். செண்பகம் மட்டும், "அழுததுதாங்க நல்லா இருந்துச்சு" என்றாள்.

அடுத்து கேசட்டுகள். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செண்பகத்தின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் தெருவிலேயே அது ஒன்றுதான். அப்போது பிறந்திருந்த முதல் குழந்தை தேன்மொழியை அருணகிரி எடுத்துத் தள்ளினார். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பால்சோற்றைத் துப்பியது என்று பதிமூன்று கேசட். மூன்று வயதும் நாலு மாதமும் ஆனபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். கேமரா பீரோவுக்குள் போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்துச் செழியன் பிறந்தான். போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொல்வதுதானே என்று அருணகிரி விட்டுவிட்டார். செண்பகம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று வயதில் சமயபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டுதல். மொட்டைக்கு முந்தின நாள், எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், பையனுக்கு இரட்டைப் பின்னல் பின்னி, கனகாம்பரம் வைத்து, மை தீட்டி, பாவாடை சட்டை போட்டு அழகு பார்த்தார்கள். இந்த வீட்டில் அந்தப் பாவாடை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து வந்தது. தேன்மொழியுடையது. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அருணகிரி பீரோவைத் திறந்து கேமராவை எடுத்தார். அதுதான் பதினாலாவது கேசட். அப்புறம் செழியனை எடுத்து எடுத்து இருபத்தாறு வரை போனது.

பெட்டி அந்தக் கேசட்டுக்கு வந்ததும் நின்றது. பதிமூன்றின் கடைசியில் இருந்த, இடது கன்னத்தில் மச்சம் வைத்த முகத்தையும் பதினாலின் முதலில் இருந்த முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இவர்கள் இருவரும் ஒரே ஆளா?' என்று கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அருணகிரிக்குச் சிரிப்பு வந்தது. இங்கே வந்து இந்த முட்டாள் பெட்டி கேட்கிறதைப் பார் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, 'இல்லை' என்று அமுக்கினார். செண்பகம் ஈரக் கையோடு வந்தவள், கேள்வி திரையிலிருந்து மறையும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

எல்லாம் உள்ளே போன பிறகு பொங்கலுக்கு வீடு ஒழித்தார்கள். பூஞ்சை பிடித்த இருபத்தாறு கேசட்டுகளையும், பழைய சாமானுக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கிறவரிடம் போட்டு ஒரு பச்சைக் குடம் வாங்கினாள் செண்பகம். பெட்டியிலும் இடம் பற்றவில்லை. ஒரு நாளைக்கு ஏழு சீரியல் என்றால் எந்த டிஸ்க் தாங்கும்? 'சரிசெய்த பிரதியை மட்டும் வைத்துக்கொள்' என்று ஒரு வசதி இருந்தது. அருணகிரி அதை டிக் செய்தார். புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தார்.

அதற்கப்புறம் செண்பகம் சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டாள். மத்தியானம் சாப்பிட்டதும் பழைய கேசட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. சரி, நாம் செய்த பெட்டி நல்லதுக்குத்தான் என்று அருணகிரி மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

மாசியில் ஒரு மத்தியானம் வெளியே போய்விட்டு வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே டி.வி.யைப் பார்த்தார். பள்ளிக்கூட ஆண்டுவிழா. அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. செழியன் இரண்டாம் வகுப்பு படித்தபோது ராஜா வேஷம் கட்டி, இரண்டாவது வரியிலேயே வசனம் மறந்து, மேடையிலிருந்து "அப்பா!" என்று கூப்பிட்டு அழுதான். படம் எடுத்தவர் இவர்தான். சிரிப்பை அடக்க முடியாமல் கேமரா ஆடியிருக்கும். இப்போதும் படம் ஆடியது, அவருடைய சிரிப்புச் சத்தமும் கேட்டது. மேடையில் நின்றது ஒரு பெண் குழந்தை. ஏழு வயது. காகிதக் கிரீடத்துக்குக் கீழே இடது கன்னத்தில் மச்சம். அவள் வசனத்தை மறக்கவில்லை. கடைசிவரை சொல்லி முடித்துவிட்டு, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

அருணகிரி ஒற்றைச் செருப்போடு சோபாவுக்கு வந்தார். செண்பகம் கண்ணயர்ந்திருந்தாள். அவள் மடியிலிருந்து ரிமோட்டை எடுத்துப் பெயர்ப் பட்டியலைத் திறந்தார். தேன்மொழி என்ற பெயருக்குக் கீழே ஆயிரத்துச் சொச்சம் காட்சிகள். செழியன் என்ற பெயருக்குக் கீழே, 'பதிவுகள் ஏதும் இல்லை.' ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பத்து வயதில் சைக்கிள் ஓட்டினாள். மச்சான் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று சாம்பார் ஊற்றினாள். குரல் செண்பகத்தின் குரல், நடை இவருடைய நடை. பயந்தது உண்மைதான். உடனே அணைக்கவில்லை என்பதும் உண்மைதான். அவள் பட்டம் வாங்கி மேடையிலிருந்து இறங்குகிறவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் அணைத்தார்.

மறுநாள் செண்பகம் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் பெனிட்டாவை வீட்டுக்கு வரவழைத்தார். அவள் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் நாட்குறிப்பைத் திறந்து படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"மூணு தடவை கேட்டிருக்கு சார். ஒரு ஆள் மூணு வயசுல நின்னுபோறாங்க. இன்னொரு ஆள் மூணு வயசுலதான் ஆரம்பிக்கிறாங்க. கேசட்டுல தேதி கிடையாது. ஒரே பாவாடை வேற. அதனால மறுபடி மறுபடி சந்தேகம் வந்திருக்கு. மொதல் தடவை இல்லைன்னு பதில். அப்புறம் ரெண்டு தடவையும் ஆம். ரெண்டும் ஜனவரி இருபத்தெட்டு, காலைல பதினொண்ணு இருபதுக்கு."

அந்த நாள் அவருக்குத் தெரியும். ரேஷன் கடை வரிசையில் நின்ற நாள். வீட்டில் செண்பகம் மட்டும்தான் இருந்தாள்.

ஒரே ஆள் என்றதும், முதலில் வந்த தேன்மொழியையே அசலாக வைத்துக்கொண்டு, பையன் முகம் இருந்த இடத்தையெல்லாம் மழையில் கெட்டுப்போன காட்சிபோலப் பெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது என்றாள் பெனிட்டா. சொல்லாமல் கொள்ளாமல் ரிப்பேர் செய்திருக்கிறது. அசல் எங்கே என்று கேட்டாள். அருணகிரி அடுப்படியில் இருந்த பச்சைக் குடத்தைக் காட்டினார்.

"பிரிக்கச் சொன்னா இப்பவும் பிரிக்கும் சார். ஆனா அக்கா முகத்தை வச்சு ஊகிச்சு ஒரு தம்பியை வரையும். அது செழியனா இருக்காது. ஒரே வழிதான். அவரை நேர்ல கூட்டிட்டு வந்து கேமரா முன்னாடி உக்கார வைங்க. மறுபடி கேக்கிற மாதிரி நான் மாத்தி வைக்கிறேன். இல்லைன்னு சொல்லுங்க. பழசு முழுசா வராது, ஆனா அவர் எடம் அவருக்கு வந்துடும். அப்பவும் ஆம்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் அது கேக்கவே கேக்காது."

அன்று சாயங்காலம் செண்பகம் அந்தக் குடத்தில்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அருணகிரி கோபப்படவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று மட்டும் கேட்டார். அவள் குழாயை மூடவில்லை.

"அது கேட்டுச்சுங்க. முப்பது வருஷமா ஒருத்தரும் என்னைக் கேக்கல. மனசுல இருந்ததைச் சொன்னேன்."

"அப்ப செழியன்?"

"அவனும் எம்புள்ளதான். யாரு இல்லேன்னா?"

குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செழியன் கூப்பிடுவது வழக்கம். அந்த வாரமும் டி.வி.யில் மணி அடித்தது. வழக்கமாக அந்நேரம் மார்க்கெட்டில் இருக்கும் அருணகிரி அன்று வீட்டில் இருந்தார். புனே அறை தெரிந்தது. நாற்காலியில் செழியனுடைய நீலத் துண்டு. முன்னால் உட்கார்ந்திருந்தது இருபத்தெட்டு வயதுப் பெண். அம்மா, சாப்பிட்டாயா என்று அவள் கேட்டாள். நடுவுல ஒரு நாள்கூட ஏண்டி கூப்பிடலை என்று செண்பகம் குழைந்தாள். அவள் மகனிடம் ஒரு நாளும் அப்படிக் குழைந்து அருணகிரி பார்த்ததில்லை.

பேச்சு முடிந்ததும் பால்கனிக்குப் போய்ச் செல்போனில் மகனைக் கூப்பிட்டார். காதில் விழுந்தது செழியனின் கட்டைக் குரல்தான். அதைக் கேட்டதுமே அவருக்கு அழுகை முட்டியது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார், குடம் வாங்கியது உட்பட.

"மூணு வாரமா அம்மா வாடி போடிங்குதுப்பா. கேலி பண்ணுதுன்னு நெனச்சேன்" என்றான் செழியன். "சின்ன வயசுலேர்ந்தே அம்மா என்னைப் பாக்கும்போது என்னைத் தாண்டி எதையோ பாக்கும். அது என்னன்னு இப்ப உங்க கண்ணுக்கும் தெரிஞ்சிடுச்சு. அவ்வளவுதான்."

அப்படியெல்லாம் பேசாதே, நீ வா, ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அருணகிரி சொன்னார். அவன் சரி என்றான்.

சனிக்கிழமை காலை வந்தான். தாடி விட்டிருந்தான், இளைத்திருந்தான். செண்பகம் கேசரி கிண்டினாள். என்னடா இப்படித் துரும்பாகிவிட்டாய் என்று அவன் முதுகைத் தடவினாள். அந்தப் பாசத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தடவுகிற கை தடவிக்கொண்டிருக்க, கண் மட்டும் அணைந்து கிடந்த டி.வி. பக்கம் இரண்டு தரம் போய் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை நறுக்கி வைத்திருந்தாள். அதற்கு முன்னால் இதை முடித்துவிடுவோம் என்றார் அருணகிரி.

மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள், செழியன் நடுவில். எதிரே டி.வி., அதன் தலையில் கேமரா. சோபாவுக்குப் பின்னால் வாசல் கதவு. பெட்டி விழித்துக்கொண்டு, கண்ணாடியில் பார்க்கிறதுபோல அவர்கள் மூவரையும் திரையில் காட்டியது. செழியனின் முகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் விழுந்தது. அந்த முகம் வலது ஓரத்துக்கு நகர, இடது ஓரத்தில் மச்சம் வைத்த முகம் வந்து நின்றது.

'இவர்கள் இருவரும் ஒரே ஆளா?'

தானே அமுக்கியிருக்கலாம். ஆனால் அவள் வாயாலேயே வந்தால்தான் வீடு தேறும் என்று அருணகிரிக்கு ஒரு எண்ணம். ரிமோட்டை மனைவி கையில் கொடுத்து, "நீயே சொல்லு, செண்பகம். பக்கத்துல உக்காந்திருக்கானே, அவனைப் பாத்துச் சொல்லு" என்றார்.

செண்பகம் மகனைப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள்; தாடியை, கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தை, எல்லாவற்றையும். பிறகு திரையைப் பார்த்தாள். கட்டைவிரல் 'இல்லை'யின் மேல் போய் நின்றது. நின்றதே தவிர அழுந்தவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"அவளை ரெண்டாவது தடவை என் கையால அனுப்பச் சொல்றீங்களா? என்னால முடியாது. தம்பி, நீயே சொல்லுப்பா" என்று ரிமோட்டை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

அருணகிரிக்கு நிம்மதியாக இருந்தது. அவன் இடத்தை அவனே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். செழியன் உடனே அமுக்கவில்லை. தலையைத் திருப்பி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இடது ஓரத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவன் விரல் அசைந்தது.

ஆம்.

"என்னடா பண்ணிட்ட?"

"விடுங்கப்பா" என்றான் செழியன். "இவ்வளவு ஆசையா அம்மா பாத்து நான் பாத்ததே இல்ல."

கேள்வி மறைந்தது. திரை ஒரு தரம் நடுங்கி நின்றது. சோபாவில் இடப்பக்கம் செண்பகம், வலப்பக்கம் அருணகிரி, நடுவில் அவள். செழியனுடைய கட்டம் போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தாள். கையில் ரிமோட் இருந்தது. செண்பகம் கையை நீட்டி அவள் தலையை வருடினாள். சோபாவிலும் அந்தக் கை ஒரு தலையை வருடிக்கொண்டுதான் இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, நான் கிளம்புகிறேன் என்று செழியன் எழுந்தான். திரையில் அவளும் எழுந்தாள். சோபாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள், பையைத் தோளில் மாட்டினாள், கதவைத் திறந்தாள்.

"வரேம்பா."

முதுகுக்குப் பின்னாலிருந்து அது ஒரு ஆணின் குரலாக வந்தது. ஒரு நொடி தாமதித்து, எதிரே ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்ணின் குரலாக வந்தது. எழுந்து ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து இலையில் உட்கார வைக்க வேண்டும் என்று அருணகிரிக்கு இருந்தது. தலையைத் திருப்பினால் செழியன் தெரிவான்.

"தேனு," என்றார் அவர். "சாப்பிட்டுட்டுப் போம்மா."

சொல்லி முடித்த பிறகுதான், தன் முகம் டி.வி. பக்கமே இருந்தது அவருக்கு உறைத்தது. திரையில் அவள் நிலைப்படியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கதவு சாத்துகிற சத்தம் முதலில் பின்னாலும், அப்புறம் முன்னாலும் கேட்டது. செழியன் சிரித்தானா என்பது அருணகிரிக்குத் தெரியாது.